கதிரியக்க அயடீன் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு: மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் புறப்படுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

புற்றுநோய் காரணமாகத் தைரொயிட் சுரப்பியை எடுத்தாயிற்று, வெட்டியெடுத்த கட்டியின் அறிக்கையும் வந்துவிட்டது, கிளினிக்கில் "அயடீன் குடிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். இந்த இடத்தில் நிற்கிறவர்களுக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை. மருந்தை விழுங்க ஒரு நிமிடம் போதும். கஷ்டமெல்லாம் அதற்கு முந்திய நான்கு வாரத்திலும் பிந்திய இரண்டு மூன்று வாரத்திலும் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திய நாள், கடையில் வாங்கிய பாண், திரும்பி வர ஏறிய பஸ் என்று பிழைகள் வருவது அங்கேதான். பிழைத்தால் திகதி தள்ளிப்போகும், அல்லது மருந்து உள்ளே போயும் முழுப் பலன் தராது.

கிழக்கிலிருந்து இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் மஹரகமை அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையை மனதில் வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். இங்கேயும் அதையே வைத்து எழுதியிருக்கிறது. உங்கள் வைத்தியர் வேறு இடத்துக்கு அனுப்பினால் பயணப் பகுதி மட்டும் மாறும். மற்றவை அப்படியே பொருந்தும்.

1. உங்களுக்கு இது ஏன் என்று முதலில் கேளுங்கள்

அயடீன் சிகிச்சை எல்லாத் தைரொயிட் புற்றுநோய்க்கும் இல்லை. பப்பிலரி, ஃபொலிகுலர் என்ற இரண்டு வகையின் கலங்கள் அயடீனை இழுத்துக்கொள்ளும். அதனால் கதிரியக்கம் ஏற்றிய அயடீன்-131 அந்தக் கலங்களுக்குள்ளேயே போய் அவற்றை அழிக்கிறது. மெடுலரி, அனாபிளாஸ்டிக் வகைகள் அயடீனை எடுப்பதில்லை. அவற்றுக்கு இதனால் பலன் இல்லை.

பப்பிலரி வகையிலும், கட்டி சின்னதாக இருந்து, சுரப்பிக்கு வெளியே பரவாமல், கழுத்து நெறிகளிலும் (நிணநீர்க் கணுக்களிலும்) எதுவும் இல்லாவிட்டால் அயடீன் வேண்டாம் என்று வைத்தியரே சொல்லக்கூடும். "பக்கத்து வீட்டாளுக்குக் கொடுத்தார்கள், எனக்கு ஏன் கொடுக்கவில்லை" என்று மனம் குழம்ப வேண்டாம்.

கிளினிக்கில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிலைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எந்த வகை? எத்தனை மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கொடுக்க நினைக்கிறார்கள்? எதற்காக, மிச்சமிருக்கும் சுரப்பித் துணுக்கை அழிக்கவா, பரவியதற்கா? துணுக்கை மட்டும் அழிக்க 30 மில்லிகியூரி போதுமானதாக இருக்கலாம். நெறிகளில் இருந்திருந்தால் 100 முதல் 150 வரை போகும். தூரப் பரவல் என்றால் இன்னும் கூடலாம். வைத்தியசாலையில் தனி அறைக்குள் எத்தனை நாள், வீட்டில் எத்தனை நாள் ஒதுங்கி இருப்பது என்பதெல்லாம் இந்த இலக்கத்தைப் பொறுத்தது.

2. கடதாசிகள்

மஹரகமையில் உங்களை முதல் தடவை பார்க்கும் வைத்தியருக்கு உங்களைப் பற்றித் தெரியப் போவது இந்தக் கோப்பிலிருந்துதான். ஒரு கடதாசி குறைந்தாலும் மறுபடி முன்னூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம். கோப்பில் இருக்க வேண்டியவை:

- தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும்
- கிளினிக் கொப்பி, சத்திரசிகிச்சை செய்த வாட்டில் தந்த டயக்னோசிஸ் கார்ட்
- கட்டியின் திசுப் பரிசோதனை அறிக்கை, முழுப் பக்கங்களும். கட்டியின் அளவும் நெறிகளின் எண்ணிக்கையும் இரண்டாம் பக்கத்தில்தான் அதிகமாக இருக்கும். பலர் முதல் பக்கத்தை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்
- அனுப்பும் வைத்தியரின் கடிதம்
- ரீஎஸ்எச் (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்), தைரோகுளோபுலின் (தைரொயிட் கலங்கள் விடும் புரதம்), தைரோகுளோபுலின் எதிர்ப்பொருள் இரத்த அறிக்கைகள்
- இரத்த எண்ணிக்கை, கிரியற்றினின், கல்சியம்
- கழுத்து ஸ்கேன் அறிக்கை, சீ.டி. எடுத்திருந்தால் அதன் அறிக்கையும் எடுத்த திகதியும்
- இப்போது குடிக்கும் எல்லா மாத்திரைகளின் பட்டியல்

சீ.டி. திகதியை ஏன் தனியாகச் சொல்கிறோம் என்றால், நரம்பு வழியே ஏற்றும் சாய மருந்தில் அயடீன் மிக அதிகம். அது உடம்பில் இருக்கும்வரை கதிரியக்க அயடீனுக்கு இடம் கிடைக்காது. சாயம் ஏற்றிய சீ.டி.க்குப் பிறகு ஆறு முதல் எட்டு வாரமாவது இடைவெளி விடுவது வழக்கம். இதயத் துடிப்புக் கோளாறுக்கு அமியோடரோன் குடிப்பவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதன் அயடீன் பல மாதங்கள் உடம்பில் தங்கும்.

சிறுநீரக நோய் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அயடீன் வெளியேறுவது சிறுநீர் வழியேதான். சிறுநீரகம் மந்தமானால் மருந்தின் அளவையும் தங்கும் நாட்களையும் மாற்ற வேண்டி வரும். சிறுநீர் அடக்க முடியாதவர்கள், குழாய் போட்டிருப்பவர்கள் விடயமும் இப்படித்தான்.

அறிக்கைகள் எல்லாவற்றையும் போனில் படமாகவும் எடுத்து, வீட்டிலுள்ள ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். மூலப் பிரதிகளை அறைக்குள் கொண்டுபோக வேண்டாம். கூட வருகிறவரிடம் இருக்கட்டும்.

3. திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மருந்து தரும் திகதி கிடைத்தவுடன் ஒரு கலண்டரில் அதை வட்டமிட்டுவிட்டு, அங்கிருந்து பின்னால் போங்கள்.

*நான்கு வாரம் முன்.* தைரொக்சின் மாத்திரையை (எடுத்த சுரப்பியின் ஹோர்மோனுக்குப் பதிலாகக் குடிப்பது) நிறுத்தும் நாள். மூன்று முதல் நான்கு வாரம் என்பது வழக்கம். உங்களுக்கு எத்தனை என்பதை வைத்தியரே சொல்வார். மாத்திரை நின்றால் மூளையிலிருந்து வரும் ரீஎஸ்எச் ஏறும். ரீஎஸ்எச் 30க்கு மேல் போனால்தான் மிச்சமிருக்கும் கலங்கள் அயடீனை நன்றாக இழுக்கும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு தைரொக்சினே தொடங்காமல் நேரே அயடீனுக்கு அனுப்பும் வழக்கமும் உண்டு. அப்படி என்றால் நிறுத்த ஒன்றும் இல்லை. யாரும் சொல்லாமல் நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம்.

இங்கே ஒரு பெரிய குழி. "மாத்திரையை நிறுத்துங்கோ" என்றதும் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்துவது தைரொக்சினை மட்டும். கல்சியமும் அதோடு தரும் அல்ஃபாகல்சிடோலும் (விற்றமின் டி வகை மருந்து) தொடர வேண்டும். அவற்றை விட்டால் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் விறைக்கும், கை இழுத்துக்கொள்ளும். பிரஷர், சீனி மாத்திரைகளும் தொடர வேண்டும்.

*இரண்டு வாரம் முன்.* அயடீன் குறைந்த சாப்பாடு தொடங்கும் நாள்.

*இரண்டு மூன்று நாள் முன்.* ரீஎஸ்எச் இரத்தப் பரிசோதனை. பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும். இதை எங்கே செய்வது, மட்டக்களப்பிலா மஹரகமையிலா என்று முதலே கேட்டு வையுங்கள். ஏறாத ரீஎஸ்எச்சோடு போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள்.

*முதல் நாள்.* புறப்படுமுன் தொலைபேசியில் உறுதிப்படுத்துங்கள். அயடீன்-131 வெளிநாட்டிலிருந்து வருவது. எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும் என்பதால் வாங்கி அடுக்கி வைக்க முடியாது. வரவேண்டியது பிந்தினால் உங்கள் திகதியும் பிந்தும். திகதி தள்ளிப்போனால் மாத்திரை இல்லாத நாட்களும் நீளும். அந்த நேரம் "இன்னும் நிறுத்தியே வைப்பதா, தொடங்குவதா" என்று கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரை இல்லாத கடைசி இரண்டு வாரம் உடம்பு சொல் கேட்காது. குளிரும், முகம் ஊதும், மலம் இறுகும், நடக்கவே அலுப்பாக இருக்கும், சொன்னது மறக்கும், காரணமில்லாமல் அழுகை வரும். இது நோய் கூடியதன் அடையாளம் இல்லை, ஹோர்மோன் இல்லாததால் வருவது. வீட்டிலுள்ளவர்கள் "சோம்பேறித்தனம்" என்று சொல்லாமல் இருக்க வேண்டும். இந்த நாட்களில் மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது. வயல் மெசினில் ஏறக் கூடாது. அறுவடைக் காலத்தில் திகதி விழுந்தால் வேலைக்கு ஆளை முதலே பேசி வையுங்கள்.

மாத்திரையை நிறுத்தாமல் ரீஎஸ்எச்சை ஏற்ற ஒரு ஊசி இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு நாள் போட்டு மூன்றாம் நாள் அயடீன் கொடுப்பார்கள். விலை மிக அதிகம். இதய நோயாளர், வயதானவர்கள், மாத்திரையை நிறுத்தவே முடியாதவர்கள் வைத்தியரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம்.

4. இரண்டு வாரச் சாப்பாடு

நம்முடைய கரையில் இதுதான் மிகக் கஷ்டமான பகுதி. மீனும் தயிரும் இல்லாமல் சோறு இறங்காத ஊர் இது. ஆனாலும் இந்த இரண்டு வாரத்தை ஒழுங்காகக் கடந்தால், பசித்திருக்கும் கலங்களுக்குக் கதிரியக்க அயடீன் முழுசாகப் போய்ச் சேரும். ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே அயடீன் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

முதலாவது உப்பு. இலங்கையில் சாப்பாட்டு உப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995 முதல் சட்டம். ஒரு தேக்கரண்டி அயடீன் உப்பே அந்த 50ஐத் தாண்டிவிடும். கல்லுப்பு என்றால் அயடீன் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதிலும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். பக்கெற்றில் எழுதியிருப்பதை வாசியுங்கள். கருவாடு போட வாங்கும் சாக்கு உப்பைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், அது துப்புரவானது இல்லை. அயடீன் சேர்க்காத உப்பு எங்கே கிடைக்கும் என்று கிளினிக்கிலோ வைத்தியசாலைப் போஷாக்குப் பிரிவிலோ கேளுங்கள்.

கிடைத்தால் அளவாகப் போட்டுச் சமையுங்கள், ஏனென்றால் குறைக்க வேண்டியது அயடீனைத்தான், உப்பை இல்லை. வயதானவர்கள் உப்பை முழுதாக விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் அதிகமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். தலையிடி, சத்தி, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் பொறுத்துப் பார்க்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

விட வேண்டியவை: கடல் மீன், இறால், நண்டு, கணவாய், கருவாடு, மாசி. பால், பால்மா, தயிர், ஐஸ்கிறீம், சீஸ். முட்டை மஞ்சட்கரு. கடைப் பாண், பணிஸ், பிஸ்கட், ரோல்ஸ், கொத்து. ஊறுகாய், அப்பளம், சோயா மீற், பக்கெற் நூடில்ஸ், சூப் கட்டி. சிவப்புச் சாயம் போட்ட இனிப்பும் மருந்தும். நோன்பு காலத்தில் செய்யும் கடற்பாசியையும் தொடக் கூடாது. கடலில் விளையும் பாசியில் இருப்பதே அயடீன்தான்.

குளத்து மீனில் அயடீன் குறைவு என்பது உண்மை. ஆனால் சந்தையில் வாவி மீனும் குளத்து மீனும் ஒன்றாகத்தான் கிடக்கும். இரண்டு வாரத்துக்கு மீனையே விட்டுவிடுவதுதான் லேசு.

சாப்பிடக் கூடியவை இவ்வளவு இருக்கின்றன: சோறு, வீட்டில் உப்பில்லாமல் அவித்த புட்டு, இடியப்பம், குரக்கன். கத்தரிக்காய், பாவற்காய், முருங்கைக்காய், பூசணி, மரவள்ளி. பருப்பு. தேங்காய்ப்பால், தேங்காய்ப்பூ. வாழைப்பழம், பப்பாசி, மாம்பழம், தோடம்பழம், இளநீர். புதிதாக வெட்டிய கோழி, மாட்டிறைச்சி அளவாக. முட்டை வெள்ளைக்கரு. சீனி போட்ட வெறும் தேத்தண்ணி. உப்புப் போடாத கச்சானும் மரமுந்திரியும். மிளகாய்த்தூளை வீட்டில் வறுத்து மில்லில் அரைத்தால் நல்லது. பக்கெற் மசாலாக் கலவைகளில் உப்பு இருக்கும்.

அயடீன் சேர்க்காத உப்பு கிடைக்காவிட்டால், உப்பில்லாத கறிக்கு வாய் பழக மூன்று நாள் எடுக்கும். பழப்புளியையும் தேசிக்காயையும் கொஞ்சம் கூட்டி, மிளகை இடித்துப் போட்டு, வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கினால் குறை தெரியாது. மாசி இல்லாத தேங்காய்ச் சம்பலுக்கு வறுத்த செத்தல் மிளகாயும் தேசிப்புளியும் போதும். நோயாளிக்குத் தனிச் சட்டி வையுங்கள். வீட்டுக்கறியில் உப்புப் போடுமுன் ஒரு கரண்டி எடுத்துவைப்பது முதல் நாள் நடக்கும், நாலாம் நாள் மறந்துபோகும்.

சாப்பாட்டில் இல்லாத அயடீனும் உண்டு. காயத்துக்குப் பூசும் பழுப்பு நிறப் பெற்றடீன், அதே பெயரில் வரும் வாய் கொப்பளிக்கும் மருந்து, அயடீன் கலந்த விற்றமின் மாத்திரை, சில இருமல் மருந்துகள். பல் பிடுங்கும் வேலை இருந்தால் இந்த நாட்களுக்கு முந்தியே முடித்துக்கொள்ளுங்கள்.

5. பெண்களுக்குத் தனியாக

கர்ப்பமாக இருந்தால் இந்தச் சிகிச்சை கிடையாது. சந்தேகம் இருந்தாலும், யார் முன்னால் என்றாலும், சொல்லியே ஆக வேண்டும். அயடீன் வயிற்றிலுள்ள பிள்ளையின் தைரொயிட்டையும் அழிக்கும்.

பால் கொடுக்கும் தாய்மார் சிகிச்சைக்கு ஆறு வாரத்துக்கு முன்னாவது பாலூட்டுவதை நிறுத்த வேண்டும். இன்னும் முந்தி நிறுத்தச் சொல்லும் வைத்தியர்களும் உண்டு. நிறுத்திய பிள்ளைக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது. அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். பிள்ளை சின்னது என்றால் இதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லி, சிகிச்சையைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று கேளுங்கள். இந்த வகைப் புற்றுநோய் மெதுவாகப் போவது. சில மாதம் பொறுக்கலாம் என்று வைத்தியரே சொல்லக்கூடும்.

சிகிச்சைக்குப் பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. சிகிச்சை எடுத்த ஆண்களும் சில மாதங்கள் பிள்ளைக்குத் தயாராகக் கூடாது. எத்தனை மாதம் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தாலிக்கொடி, வளையல், தோடு எதையும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். வியர்வையில் அயடீன் வரும், நகையில் படியும். அந்த நாட்களுக்கு மஞ்சள் கயிறு போதும்.

6. பயணமும் பையும்

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ரயில் இருக்கிறது. ரயில் பாதை மட்டக்களப்போடு முடிவதால் கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைப் பக்கத்தவர்கள் நேரே பஸ்ஸில் போவார்கள், அல்லது மட்டக்களப்புக்கு வந்து ரயில் எடுப்பார்கள். கோட்டை, புறக்கோட்டையிலிருந்து மஹரகமைக்கு 138ஆம் இலக்க பஸ். மாத்திரை நிறுத்திய உடம்போடு இரவுப் பயணம் செய்து காலையிலேயே வைத்தியசாலையில் நிற்பது மிகவும் கஷ்டம். ஒரு நாள் முந்திப் போய்த் தங்குங்கள். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். வழியில் கடைச் சோறு சாப்பிட்டால் இரண்டு வாரப் பத்தியம் வீண்.

கூட வருகிறவர் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்த தாயாகவும் இல்லாமல் இருந்தால் நல்லது. சிங்களம் பேசத் தெரிந்தவராக இருந்தால் பாதிப் பாரம் குறையும். ஆனால் அறைக்குள் அவர் வர முடியாது. அதனால் இந்த மூன்று வசனத்தை நோயாளியே பாடமாக்கிக்கொள்ளட்டும்: "மட்ட வமனே யனவா" என்றால் எனக்குச் சத்தி வருகிறது. "பெல்ல இதிமிலா" என்றால் கழுத்து வீங்கியிருக்கிறது. "ஹுஸ்ம கன்ன அமாருய்" என்றால் மூச்செடுக்கக் கஷ்டமாக இருக்கிறது.

பையில் பழைய உடுப்பாகவே வையுங்கள். இரண்டு மூன்று சாரம் அல்லது சட்டை, துவாய், றப்பர்ச் செருப்பு, பற்தூரிகை, சவர்க்காரம். உள்ளே போன சாமானில் சிலதைத் திருப்பிக் கொண்டுவர விடமாட்டார்கள் என்று நினைத்தே எடுங்கள். போனை மெல்லிய பொலித்தீனில் சுற்றிப் பயன்படுத்தி, வரும்போது உறையைக் கழற்றி எறியுங்கள். புளிப்பு இனிப்பு, தேசிக்காய், தண்ணீர்ப் போத்தல், வாசிக்க ஏதாவது பழைய புத்தகம். மற்ற மாத்திரைகளும் உங்களோடு இருக்க வேண்டும்.

7. அறைக்குள்

மருந்து குளிசையாகவோ தண்ணீராகவோ வரும். ருசி ஒன்றும் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணித்தியாலம் வெறும் வயிறு. விழுங்கிய பிறகு சத்தி வரும்போல இருந்தால் உடனே மணியடித்துச் சொல்லுங்கள், குமட்டலுக்கு மருந்து உண்டு. சத்தி எடுத்துவிட்டால் நீங்களாகக் கழுவப் போகாதீர்கள், யாரையும் கிட்டக் கூப்பிடவும் வேண்டாம்.

அதன்பின் உங்கள் வேலை ஒன்றுதான்: தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிப்பது. சுரப்பி எடுத்த உடம்பில் அயடீனுக்குத் தங்க இடம் குறைவு. பெரும் பகுதி முதல் இரண்டு நாளிலேயே சிறுநீரோடு போய்விடும். இரண்டு முதல் மூன்று லீற்றர் தண்ணீர், இதய, சிறுநீரக நோய் இல்லாதவர்களுக்கு. இரவிலும் ஒரு தடவை எழும்பிப் போங்கள். ஆண்களும் இருந்துதான் கழிக்க வேண்டும். இரண்டு தரம் தண்ணீர் விட வேண்டும். மலம் இறுகினால் சொல்லுங்கள், பேதி மருந்து தருவார்கள். குடலில் தேங்குவதும் கதிரியக்கம்தான். தினமும் குளியுங்கள்.

உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அயடீனை இழுக்கும். அதனால்தான் காதுக்குக் கீழும் தாடைக்குக் கீழும் வீங்கி நோகும், வாய் காயும், சோறு உலோகம் மாதிரி ருசிக்கும். புளிப்பு இனிப்பை முதல் நாளே சப்பத் தொடங்காமல் ஒரு நாள் கழித்துத் தொடங்குவது வழக்கம். எப்போது என்று தாதியிடம் கேட்டே தொடங்குங்கள். காதடியிலிருந்து கன்னத்தை நோக்கி விரலால் மெதுவாகத் தடவிவிடுவதும் உதவும்.

தொழுகைக்கு வுழூ எடுப்பவர்கள் (முகம், கை, கால் கழுவுகிறவர்கள்) குளியலறைக்குள்ளேயே எடுத்து, வாய் கொப்பளித்த தண்ணீரை ஓடவிட்டுக் கழுவிவிடுங்கள். மருந்து குடிக்கும் நாளிலும் அறைக்குள் இருக்கும் நாட்களிலும் நோன்பு பிடிக்க முடியாது, தண்ணீர்தான் மருந்து.

மீற்றரால் உங்கள் உடம்பிலிருந்து வரும் கதிரை அளப்பார்கள். எல்லைக்குக் கீழே இறங்கினால் விடுவார்கள். பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து நாள். போகுமுன் தைரொக்சின் எந்த நாளிலிருந்து, எத்தனை மைக்ரோகிராம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முழு உடம்பு ஸ்கேன் எந்த நாள் என்றும் கேளுங்கள். மருந்து குடித்துச் சில நாளில் எடுக்கும் ஸ்கேன் அது. அதற்காகத் திரும்ப வர வேண்டியிருந்தால் பயணத்தை அதற்கேற்ப ஒழுங்கு செய்யலாம்.

8. திரும்பி வரும் நாள்

அதிகம் பேர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். விட்டார்கள் என்றதும் புறக்கோட்டைக்குப் போய் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினால், ஏழெட்டு மணித்தியாலம் பக்கத்து இருக்கையில் யார் இருப்பார் என்பது உங்கள் கையில் இல்லை. கர்ப்பிணி இருக்கலாம், மடியில் குழந்தையோடு ஒரு தாய் இருக்கலாம். வாய் திறந்து சொல்லவும் கூச்சமாக இருக்கும். விடுதியிலோ உறவினர் வீட்டிலோ இரவு தங்கிப் போவதும் சரியில்லை. அங்கேயும் மற்றவர்கள் படுக்கும் படுக்கை, மற்றவர்கள் பாவிக்கும் மலசலகூடம்.

வான் பிடிப்பதுதான் சரி. சாரதிக்கு நேர் பின்னால் இருக்காமல், கடைசி வரிசையில் எதிர்ப்பக்க மூலையில் இருங்கள். சாரதியைத் தவிர ஒருவர் போதும், அவரும் முன்னுக்கு. பழைய துணி ஒன்றை இருக்கையில் விரித்து, அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியாகத் தோய்க்கலாம். வெளிக்கிடுமுன் சிறுநீர் கழியுங்கள். வழியில் இரண்டு தரம் நிறுத்தச் சொல்லுங்கள். சாரதியிடம் விடயத்தை முதலே சொல்லிப் பேசுங்கள். மறைத்துப் பேசி இடைவழியில் தெரிந்தால் சண்டையாகும். எந்த மணிக்கு விடுவார்கள் என்று முன்கூட்டித் தெரியாததால் காத்திருப்புக் காசையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி முடியுங்கள்.

வானுக்கு வழியே இல்லை என்றால் தாதியிடம் அதைச் சொல்லி, இன்னும் ஒரு நாள் அறையில் இருக்க விடுவார்களா என்று கேளுங்கள். ஒரு நாள் தள்ளினாலும் அளவு நன்றாக இறங்கும்.

9. வீட்டில்

கையில் தரும் அட்டையில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கும். மருந்தின் அளவுக்கேற்ப, பெரியவர்களிடமிருந்து சில நாளும், குழந்தைகள், கர்ப்பிணிகளிடமிருந்து ஒன்று முதல் மூன்று வாரமும் ஒதுங்கி இருக்க வேண்டி வரும். ஒதுங்குவது என்றால் இரண்டு மீற்றர் தூரம், தனிப் படுக்கை. அதே வீட்டில் நடந்து திரிவதால், இரண்டு வார்த்தை பேசுவதால் ஒன்றும் ஆகாது. ஒன்றரை வயதுப் பேரன் இருக்கிற வீடு என்றால் அவனை அம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. அழுதுகொண்டு ஓடி வரும் பிள்ளையைத் தூக்காமல் இருக்க யாராலும் முடியாது.

எச்சிலில் அயடீன் இருக்கிறது என்பதை வீட்டில் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே சஹனில் (பெரிய தட்டில்) சேர்ந்து சாப்பிடுவது, ஒரு கோப்பைத் தேத்தண்ணியைப் பங்குபோடுவது, பிள்ளைக்கு வாயால் கடித்து ஊட்டுவது எல்லாம் நிற்க வேண்டும். வெற்றிலை போடுகிறவர்கள் இந்த நாட்களில் அதை விட்டுவிடுங்கள். முற்றத்தில் துப்பும் ஒவ்வொரு வாயும் கோழியும் பிள்ளையும் திரிகிற மண்ணில் விழுகிறது.

வாளியால் தண்ணீர் ஊற்றும் மலசலகூடம் என்றால் வழமையைவிட ஒரு வாளி கூட ஊற்றுங்கள். வெளியில், வளவில் சிறுநீர் கழிக்கவே கூடாது. குழி நிறையும் நிலையில் இருந்தால் சிகிச்சைக்குப் போகுமுன்னே பவுசரைக் கூப்பிட்டு எடுத்துவிடுங்கள். அயடீனின் வீரியம் எட்டு நாளைக்கொரு தரம் பாதியாவதால் எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். குழியை அந்த எண்பது நாளுக்குள் எடுக்காமல் இருப்பது குழி எடுக்கிறவருக்கும் நல்லது. மாதவிடாய்த் துணியையும் நாப்கினையும் இரட்டைப் பையில் கட்டி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் அத்தனை நாள் வைத்தே எறியுங்கள்.

உடுப்பு, படுக்கை விரிப்பு, துவாய் எல்லாம் தனியாகத் தோய்த்து இரண்டு தரம் அலசினால் போதும். எரிக்கத் தேவையில்லை. இந்த நாட்களில் மற்றவர்களுக்குச் சமைக்கவும் வேண்டாம்.

10. காசு

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. காசு போவது வேறு இடத்தில்: திரும்பி வரும் வான் (பெருஞ்செலவு இதுதான்), தைரோகுளோபுலின் மாதிரி வெளியே செய்யச் சொல்லும் இரத்தப் பரிசோதனைகள், முதல் நாள் தங்குமிடம், வேலைக்குப் போக முடியாத கிழமைகள். வெளியே பரிசோதனை செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள். தைரோகுளோபுலின் இலக்கம் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வித்தியாசப்படும். மாற்றி மாற்றிச் செய்தால் நோய் கூடிற்றா குறைந்ததா என்று ஒப்பிட முடியாது.

உதவிக்கு முதலில் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் பிரதேச செயலகம் வழியே விண்ணப்பிக்கலாம். கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி, டயக்னோசிஸ் கார்ட் பிரதி, வைத்தியரின் கடிதம் தயாராக இருக்கட்டும். விண்ணப்பத்தைச் சிகிச்சைக்குப் போகுமுன் கொடுங்கள். அரச ஊழியர்கள் அக்ரஹார காப்புறுதிக்கு எல்லா மூலப் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வானுக்கும் ஒரு சீட்டு எழுதி வாங்கி வையுங்கள்.

11. அதற்குப் பிறகு

தைரொக்சினைத் திரும்பத் தொடங்கினாலும் உடம்பு பழைய நிலைக்கு வரச் சில வாரம் எடுக்கும். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் முன். கல்சியத்துக்கும் இதற்கும் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். சேர்த்துக் குடித்தால் தைரொக்சின் உடம்பில் சேராது, ரீஎஸ்எச் இறங்கவே இறங்காது, வைத்தியர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார். ஆறு வாரத்தில் ரீஎஸ்எச் பார்க்க வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தைரோகுளோபுலினும் கழுத்து ஸ்கேனும். இந்தத் தொடர் கிளினிக்கை மட்டக்களப்பிலேயே செய்யலாமா என்று மஹரகமையிலேயே கேட்டுக் கடிதம் வாங்குங்கள்.

உம்ராவுக்கோ மத்திய கிழக்கு வேலைக்கோ போக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமான நிலையங்களில் இருக்கும் கதிர் உணரிகள் சிகிச்சைக்குப் பிறகு பல வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட, உங்களைக் கண்டு சத்தமிடும். என்ன மருந்து, எத்தனை மில்லிகியூரி, எந்தத் திகதி என்று ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்றை வீடு வருமுன்னே வைத்தியசாலையில் கேட்டு வாங்கி, கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.